போணிக்கு மட்டும் கன்னியப்பன்

வெள்ளானூர் கன்னியப்பன் தன் ஆயுளில் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஊர் நன்மைக்காகவே செய்ததாக அவன் நம்பினான்.

ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. ஒலிபெருக்கியின் வாய் கீழத் தெருவைப் பார்க்க வேண்டுமா, மேலத் தெருவைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு மாபெரும் தத்துவச் சிக்கல் எழுந்தது. மேலத் தெருவே என்றான் பங்காளி சம்பத். கீழத் தெருவே என்றான் கன்னியப்பன். இரு தரப்பிலும் சொற்கள் தீர்ந்துபோன நிலையில், பந்தலில் சாய்த்து வைத்திருந்த இரும்புக் குழாயைக் கன்னியப்பன் தன் கட்சியின் கடைசி வாதமாக எடுத்து வைத்தான். வாதம் நேராகச் சம்பத்தின் மண்டையில் இறங்கியது.

கொடுங்காயம் என்றது நீதிமன்றம். புழலில் மூன்று வருஷம். சம்பத்தின் மண்டை ஒரு மழைக்காலத்துக்குள் கூடிவிட்டது. கன்னியப்பனின் பெயர் மட்டும் உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. விடுதலையான அன்று அவனை அழைத்துப்போக ஜெயில் வாசலுக்கு ஒரே ஓர் ஆள்தான் வந்திருந்தான். அவன் சம்பத். பூந்தமல்லிக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அன்றைய சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஏறு மாமே. நானும் அன்னிக்கி கீயத் தெருவுக்கே திருப்பிக்கடான்னு வுட்டுத் தொலச்சிருக்கலாம்" என்று சிரித்தான்.

அடி வாங்கியவன் மன்னித்துவிட்டான். அந்த அடியைப் பார்த்தே இராதவர்கள்தான் பாக்கி.

அவர்களில் முதல்வர் தினகரன். கன்னியப்பனின் மனைவி அனுசுயாவுக்கு அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனியில் முப்பது பேரைச் சரிபார்த்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கன்னியப்பன் உள்ளே போன வாரமே தங்கையையும் அவள் மகள் கிருஷ்ணப்பிரியாவையும் திருவேற்காட்டில் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது மாப்பிள்ளை வெளியே வந்து வாசலில் நிற்க, அவர் நிபந்தனையை அறிவித்தார்.

"ஒரு கடையில வேலைன்னு நிக்கணும் மாப்ள. கல்லு மண்ணு தூக்கற வேலை சொல்லாதே. பொண்ணு ஒம்பதாவது படிக்குது. 'எங்கப்பா கடையில கீறாரு'ன்னு அது வாயால சொல்லணும். ஆடி முடியறதுக்குள்ள பாரு. இல்லாங்காட்டி ஆவணி பொறந்ததும் பெரியவங்கள உக்கார வச்சி அத்துவுட்டுடலாம்."

ஆடியில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. ஆடியில் கெட்ட காரியமும் செய்யக்கூடாது என்பது தினகரனின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஆகவே ஒரு கல்யாணத்தை முறிப்பதைக்கூட ஆவணி முகூர்த்தத்துக்குத் தள்ளி வைத்திருந்தார். சாஸ்திரம் அறிந்த மனிதர்.

அனுசுயா மாடிப்படியில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால், திட்டியாவது இருந்தால், கன்னியப்பன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். அன்று சாப்பிடவில்லை.

கடை வேலை அவனுக்குப் புதிதல்ல. குழாயைத் தூக்குவதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷம் ஆவடியில் ஒரு பெயிண்ட் கடையில் நின்றவன்தான். வெள்ளை அடிக்க வந்தவரை ரோஜா நிறத்தோடு அனுப்பி வைத்த வாய் அது. அந்தப் பெயிண்ட் கடை இப்போது பிரியாணிக் கடையாகிவிட்டது. ஆகவே அவன் புதிதாக ஆரம்பித்தான்.

முதலில் அம்பத்தூரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். கழுத்தில் டை கட்டிய இளம் மேலாளர், "போலீஸ் கேஸ் எதாவது இருக்காண்ணே?" என்று கேட்டார். கன்னியப்பன் உண்மையைச் சொன்னான். சிறையில் தினமும் ஒருவர் வந்து வாய்மையின் பெருமையைப் பற்றிப் பேசியிருந்தார். அதன் விளைவு.

மேலாளர் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். "அடிதடியா... கஸ்டமர் எதாவது எகிறிப் பேசினா நீங்க டென்ஷன் ஆயிடுவீங்களேண்ணே. திருட்டா இருந்தாக்கூட பரவால்ல. மேல பாருங்க, எத்தன கேமரா!"

கன்னியப்பன் மேலே பார்த்தான். கேமராக்கள் அவனைப் பார்த்தன. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. குற்றம் தடையல்ல. பொருத்தமில்லாத குற்றம்தான் தடை.

இரண்டாவது, பூந்தமல்லியில் ஒரு துணிக்கடை. ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நெற்றி நிறைய திருநீறு பூசிய முதலாளி, "உள்ள போய் வந்தவன் மாதிரி கீறே. இன்னா கேசு?" என்று பார்த்த பார்வையிலேயே கேட்டுவிட்டார்.

"திருட்டு சார்" என்றான் கன்னியப்பன், நம்பிக்கையோடு.

முதலாளி பதறி எழுந்து, மேசைமேல் இருந்த தன் செல்போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஏம்ப்பா, துணிக்கடைக்கு வந்து திருட்டுன்றியே! ஒரு பொடவ மடிச்சா உள்ளங்கையில அடங்கிடும். அடிதடி கேசா இருந்தா நானே சேத்துகினு இருப்பேன். ஆடிக் கூட்டத்துல நாலு பேரத் தள்ளி நிறுத்த ஆளு இல்லாம அல்லாடிகினு கீறேன்."

"அடிதடியும் கீது சார்!"

"ரெண்டுமா?" என்றார் முதலாளி. மேற்கொண்டு பேச்சு நடக்கவில்லை.

மூன்றாவது, செருப்புக் கடை. இங்கே யாருக்கும் தீங்கில்லாத குற்றமாகப் பார்த்து, "சாராயம் வித்த கேசுண்ணா, அதுவும் பழசு" என்றான். கடைக்காரர் மூன்று தலைமுறையாக மதுவைத் தொடாத குடும்பத்தவர். வாயை ஊதச் சொன்னார். ஊதினான். பட்டினி வாடையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதையும் அவர் சந்தேகமாகவே முகர்ந்தார்.

நான்காவது, செல்போன் கடை. யோசித்து யோசித்து, கொஞ்சம் படித்தவர்கள் செய்கிற குற்றமாக இருக்கட்டும் என்று, "கள்ளக் கையெழுத்துங்க" என்றான். சொல்லி வைத்தாற்போல் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினார். டீ வரவழைத்தார். ஒரு வெள்ளைத்தாளையும் வேறு யாரோ போட்ட கையெழுத்தொன்றையும் அவன் முன்னால் வைத்தார்.

"இதே மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டு நைனா."

கன்னியப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். அது அவன் கையெழுத்தைப் போலவேகூட இல்லை. கடைக்காரர் வெகு நேரம் பார்த்தார். "இந்தத் தெறமைக்கு உன்னப் புடிக்காம வேற யாரப் புடிப்பான்?" என்று ஷட்டரை மேலே தூக்கினார். நல்லவன் இல்லை என்று மூன்று கடையில் துரத்தப்பட்டவன், கெட்டவனாக இருக்கத் தகுதி போதாது என்று நான்காவது கடையில் துரத்தப்பட்டான்.

இதில் ஒரு சங்கதியை அவன் மறந்துவிட்டான். பூந்தமல்லிக் கடைத் தெருவில் ஒருவர் தும்மினால் அடுத்தவர் கைபேசி அதிரும். வியாபாரிகளுக்கென்று ஒரு வாட்ஸப் குழு உண்டு. கள்ள நோட்டுப் படமும் காலை வணக்கமும் பண்டிகை வாழ்த்தும் ஓயாமல் பரிமாறப்படும் அந்தக் குழுவில் கன்னியப்பனின் படம் வந்தது. துணிக்கடைக்காரர் திருட்டு என்று போட்டார். செருப்புக் கடைக்காரர் சாராயம் என்றார். செல்போன் கடைக்காரர் கள்ளக் கையெழுத்து, ஆனால் சுமார் என்றார். அடிதடி எப்படியோ தானே வந்து சேர்ந்துகொண்டது. அவனைக் கண்ணாலும் கண்டிராத ஒரு ஸ்வீட் ஸ்டால்காரர், தம் பங்குக்கு ஏதாவது சேர்க்காவிட்டால் மரியாதை இல்லையே என்று, செயின் பறிப்பு என்றும் எழுதினார். ஒரு குற்றத்துக்கு மூன்று வருஷம் உள்ளே இருந்த கன்னியப்பன், வெளியே வந்து ஒரே வாரத்தில் ஐந்து குற்றவாளியானான்.

ஷேர் ஆட்டோக்காரர்களின் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. கரையான்சாவடி நிறுத்தத்தில் சம்பத் அதை அவனிடம் காட்டினான்.

"மாமே, என் மண்ட கேசு இதுல நாலாவதா கீது. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சி. மத்த நாலும் யாருக்குப் பண்ணே?"

கன்னியப்பன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. மெட்ரோ தூணின் தகரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கடைங்க முடிஞ்சி போச்சி சம்பத்து. இந்தத் தெருவுல எனக்கு இனி ஒரு கதவும் கெடயாது" என்றான்.

அன்று மாலை மகளின் பள்ளிக்கூடப் பக்கம் போனான். பேச வேண்டும் என்று போகவில்லை. எட்டி நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். கிருஷ்ணப்பிரியா இரண்டு தோழிகளோடு வெளியே வந்தவள் அவனைப் பார்த்துவிட்டாள். "யாருடி அது, உன்னியே பாத்துகினு கீறாரு?" என்றாள் ஒருத்தி. "தெர்ல. வழி கேக்கறதுக்கு நிக்கறாரு போல" என்றாள் மகள்.

அவள் சொல் பொய்யாகிவிடக்கூடாதே. கன்னியப்பன் கிட்டே போய், "பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிம்மா போவணும்?" என்று கேட்டான். அவள் கை நீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய வழியிலேயே போனான். அது அவன் போக வேண்டிய வழி அல்ல.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பூந்தமல்லி கடைத் தெருவில் கால் போன போக்கில் நடந்தான். ஒரே ஒரு கடை திறந்துகொண்டிருந்தது. பத்மா அம்மாளின் பாத்திரக் கடை. புருஷன் போன பிறகு தனியாளாக நின்று நடத்துகிறவர். வாசலில் தண்ணீர் தெளித்து, கல்லாவுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்பதால் அவர் வாட்ஸப்பைப் படிப்பதில்லை. அக்கம் பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லக் கேட்டு, படித்தவர்களைவிட அதிகமாகவே தெரிந்து வைத்திருந்தார்.

"அக்கா, எதுனா வேலை..."

"நில்லு அங்கியே! படி ஏறாதே!" கற்பூரத் தட்டோடு திரும்பினார். "போணி ஆவாத நேரத்துல வந்து வேலை குடுன்னு கேக்கறியே, வெளங்குமா கடை? ஒண்ணு எதுனா வாங்கு. இல்ல, எடத்தக் காலி பண்ணு."

அன்றைய முதல் வியாபாரத்துக்குத்தான் போணி என்று பெயர். போணி செய்பவனின் கையைப் பொறுத்தே அன்றைய நாள். ஆகாத கை வந்து போணி செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போவதுபோன்ற அபசகுனம் வேறில்லை. கன்னியப்பனுக்கு இது தெரியும். பெயிண்ட் கடையில் எத்தனை நாள் போணிக்குக் காத்து நின்றிருக்கிறான். ஒரு கடைக்காரியின் நாளைக் கெடுத்த பாவமும் சேர்ந்தால் குற்றம் ஆறாகிவிடும். சட்டைப்பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்ததைக் கொடுத்து, கடையிலேயே விலை குறைந்த சாமானாக ஒரு டீ வடிகட்டி வாங்கினான். வீடு திரும்ப ஆவடிவரை நடந்தே போனான்.

அன்றைக்குப் பத்மா அம்மாள் கடையில் நடந்ததைத் தெருவே வாய் பிளந்து பார்த்தது. கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு அண்டா வாங்க மூன்று ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். கடைசி அண்டாவுக்கு இரண்டு ஊருக்கும் கைகலப்பே வரப் பார்த்தது. ஆடியில் அண்டா விற்பதற்கு ஆடியே போதும், ராசி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதைப் பத்மா அம்மாளிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள். பேச்சு ராசியில்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்.

இரண்டு நாள் கழித்துத் தெருவில் போனவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"கன்னியப்பா, இன்னாவா இருந்தாலும் உன் கை நல்ல கைடா. தெனம் காலைல நீயே வந்து போணி பண்ணு. காசு மொத நாளே நான் குடுத்துடறேன். நாஷ்டா வாங்கித் தரேன். வாராவாரம் எதுனா பாத்துத் தரேன். வாங்கற சாமான நீயே எடுத்துகினு போயிடணும். போணிச் சரக்கு கடைக்குத் திரும்பிச்சினா அந்த வருசமே போச்சி, தெரியுமில்ல?"

கன்னியப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "அப்ப... இது வேலதானக்கா?"

"வேலையா? வேலன்னா உள்ள வரணுமில்ல? உன்னிய எவன் உள்ள வுடுவான்? நீ படிக்குக் கீயயே நின்னு வாங்கிகினு போய்க்கினே இரு."

வாடிக்கையாளராக இருப்பதற்கென்றே ஆள் வைத்த கடை பூந்தமல்லியில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை. தினமும் காலையில் வந்தான், படிக்குக் கீழே நின்று, பத்மா அம்மாளின் காசையே பத்மா அம்மாளிடம் கொடுத்து, ஒரு டீ வடிகட்டி வாங்கினான், இட்லி சாப்பிட்டான், போனான். வெள்ளானூர் வீட்டில் டீத்தூளே கிடையாது. வடிகட்டிகள் மட்டும் மூலையில் குவிந்தன. ஒரு டப்பா பெயிண்ட்டை இருபது நிமிஷம் பேசி விற்கிற வாய், ஒரு நாளில் பேசியது "ஒரு டீ வடிகட்டி குடுங்க" என்பது மட்டுமே.

துணிக்கடை முதலாளியின் காதுக்கும் சங்கதி எட்டியது. நெற்றித் திருநீற்றோடு வந்து, "தம்பி, நம்ம கடைக்கும் காலைல ஒரு கர்ச்சீப் வாங்கிட்டுப் போவக் கூடாதா?" என்றார் குழைவாக. பத்மா அம்மாள் உள்ளிருந்து ஒரு கத்துக் கத்தினார். அவர் போய்விட்டார்.

ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கன்னியப்பன் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு மைத்துனருக்குப் போன் போட்டான்.

"மச்சான், பூந்தமல்லில ஒரு பாத்திரக் கடையில கெடச்சிடுச்சி."

"அப்படியா! இன்னா வேலை மாப்ள?"

"நான் போவாம கடையில யாவாரமே ஆரம்பிக்காது மச்சான். காலைல மொத வேல என்னுதுதான்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சிறையில் வந்து வாய்மையைப் பற்றிப் பேசியவர் கேட்டிருந்தால் அழுதே இருப்பார், எந்தக் காரணத்துக்காகவோ.

தினகரன் மகிழ்ந்தார். மகிழ்ந்த சூப்பர்வைசர் செய்வதைச் செய்தார்: சோதனைக்கு வருவதாகச் சொன்னார். "கடசி ஆடி வெள்ளி நானும் அனுசுயாவும் காலைல கடை தொறக்கறப்பவே வரோம். ஒரு பால் பாத்திரம் வாங்கணும்னு சொல்லிகினே இருந்திச்சி. நீயே எடுத்துக் குடு."

வியாழன் அன்று காலை போணி முடிந்ததும் கன்னியப்பன் நகரவில்லை.

"அக்கா. நாளைக்கி ஒரு மணி நேரம் உள்ள வந்து நிக்கறேன். கல்லாப் பக்கமே வர்ல. என் பொஞ்சாதி வருது. நான் வேலைல கீறத அது பாக்கணும். பாக்காட்டி ஆவணில என்ன அத்துவுட்டுடுவாங்கக்கா."

பத்மா அம்மாளின் முகம் இளகத்தான் செய்தது. இளகியபடியே தலையை ஆட்டினார். "நான் இன்னா கல்லா? மனுசிதான்டா. உன்ன நம்பலன்னு நெனக்காதே. இத்தினி நாள் பாத்துட்டேன், நீ திருடன் கெடயாது. ஆனா போணி பண்றவன் வாங்கறவனாவே இருக்கணும்டா. வித்துட்டான்னா அந்தக் கையில ராசி நிக்காது. எங்க மாமனார் சொல்லிட்டுப் போனது."

"ஒரே மணி நேரம்க்கா."

"ஒரு நிமிசம் ராசி செத்தாலும் செத்ததுதான்."

கெட்டவன் என்று இதுவரை உள்ளே விடவில்லை. இப்போது நல்ல கைக்காரன் என்று உள்ளே விடவில்லை. கன்னியப்பன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் படியின் உயரத்தை நினைத்துக்கொண்டே போனான். ஒரு முழம்கூட இருக்காது. புழல் மதில் எவ்வளவோ மேல். அதற்காவது ஒரு கதவு இருந்தது. ஒரு நாள் அது திறந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவன் ஒரு கோணிப்பையோடு வந்தான்.

பத்மா அம்மாள் ஷட்டரைத் தூக்கி, தண்ணீர் தெளித்து நிமிர்ந்தார். "இன்னாடா மூட்ட?"

"டீ வடிகட்டிக்கா. எல்லாமே."

"அத ஏன்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அவர் கை தானாகவே கழுத்துச் செயினைப் பிடித்துக்கொண்டது.

"திருப்பிக் குடுத்துடறேன். போணிக்கு முன்னாடியே. ஒண்ணொண்ணா."

"டேய்! ஆடி வெள்ளிடா! வேணாண்டா! பாவி, அம்மன் கண்ணக் குத்தும்டா!"

குழு ஏற்றி வைத்திருந்த ஐந்து குற்றங்களில் மிரட்டல் கிடையாது. இதைக் கன்னியப்பன் தன் சொந்த முயற்சியில் சேர்த்துக்கொண்டான். ஆனால் அவன் மிரட்டுவதற்குப் பிறந்தவன் அல்ல. கோணியின் வாயைப் பிரித்துவிட்டு உள்ளே கை விடாமலே நின்றான். "எனக்கும் இதாங்க்கா கடசி வெள்ளி" என்றான்.

தெருமுனையில் சம்பத்தின் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டையில் தினகரன் இறங்கினார். பின்னால் அனுசுயா. திருமழிசைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கம்பெனி பஸ் பூந்தமல்லியில்தான் ஏற்றும். அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

பத்மா அம்மாள் அவர்களையும் பார்த்தார், கோணியையும் பார்த்தார். "உள்ள வந்து தொல" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கன்னியப்பன் படி ஏறினான். கோணி படிக்கு வெளியேயே ஓரமாகக் கிடந்தது.

"வாங்கம்மா, வாங்க சார், உள்ள வாங்க!" மூன்று வருஷமாக உள்ளே அடைத்துக் கிடந்த குரல் தெருவரைக்கும் கேட்டது. "பால் பாத்திரமா? கனமானதா, எடுப்பானதா? இதப் பாருங்க, அடி புடிக்காது. நீங்க பால வச்சிட்டு டிவி பாக்கப் போனாலும் இது பாத்துக்கும்."

அனுசுயா பாத்திரத்தைக் கையில் வாங்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. "இன்னா கடக்காரரே, தட்டினா தகரமாட்டம் சத்தம் வருது?"

"தகரம்னா இப்படிக் கணீர்னு வருமாம்மா? கோயில் மணிகூட இதக் கேட்டுதான் சுதி சேக்குது."

தினகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அனுசுயாவின் உதட்டோரத்தில்கூட என்னவோ அசைந்தது. "இதுக்கு மூடி குடு" என்றாள்.

மூடி.

கன்னியப்பன் கீழ்த் தட்டில் பார்த்தான். தம்ளர்கள். பக்கத்து அலமாரியைத் திறந்தான். இட்லித் தட்டு. குனிந்தான், எம்பினான், ஒரு டப்பாவைத் தூக்கிப் பார்த்து வைத்தான். தினமும் இந்தக் கடைக்கு வந்தவன்தான். ஒரு நாளும் இதற்குள் நின்றதில்லை. காதோரம் வேர்வை இறங்கியது. தினகரனின் சூப்பர்வைசர் கண் மெல்ல விழித்துக்கொண்டது. கல்லாவில் பத்மா அம்மாள் கற்பூரத்தைப் பார்த்தபடி வாய் திறக்காமல் இருந்தார்.

அனுசுயாவுக்குப் புரிந்துவிட்டது. அவன் முதுகை ஒரு கணம் பார்த்தாள். பிறகு நகர்ந்து போய், மேல் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்த மூடிகளில் ஒன்றைத் தானே எடுத்தாள். "இதத்தானே எடுக்கப் போனே? இரு, எனக்கு எட்டுது" என்றாள், அண்ணனுக்குக் கேட்கும்படி.

தினகரனின் கண் மறுபடி சாந்தமாயிற்று. "பரவால்ல மாப்ள. கடை நல்லாத்தான் கீது" என்று வெளியே போய்ச் சம்பத்தோடு பேச ஆரம்பித்தார்.

அனுசுயா பாத்திரத்தைப் பையில் வைத்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டாள். "யோவ். நீ இங்க வேல செய்யல, இல்ல?"

"இப்ப செஞ்சிகினு கீறேன்."

"நாளைக்கி?"

அவன் மேல் தட்டு மூடிகளை நேராக அடுக்கினான்.

"நாளைக்கும் பஸ்ஸுக்கு இந்தப் பக்கந்தான் வருவேன்" என்றாள். "எங்கண்ணனை வேணா ஏமாத்து. என்ன ஏமாத்தறதா இருந்தா நானே ஆவணிக்குக் காத்திருக்க மாட்டேன்."

அவர்கள் போன சற்று நேரத்தில் தெருவுக்கு ஒரு மண்வாரி இயந்திரம் வந்தது. குழாய் பதிக்கவென்று, சொல்லி வைத்தாற்போல் பத்மா அம்மாள் கடைக்கு நேர் முன்னால் ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, மண்ணைப் படிமேல் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசி ஆடி வெள்ளிக்கு அம்மனைப் பார்க்கத் திருவேற்காடு போகிற கூட்டமெல்லாம் எதிர்வரிசைக் கடைகளில் நின்று வாங்கிற்று. சாயங்காலம்வரை அந்தப் பால் பாத்திரத்தைத் தவிர வேறெதுவும் விற்கவில்லை.

பத்மா அம்மாள் பள்ளத்தைக் குறை சொல்லவில்லை. "பாத்தியா? செத்துட்ச்சி உன் ராசி. எங்க மாமனார் வாக்கு பொய்யாவுமா? போடா. இனிமே போணிக்கு வராதே" என்றார்.

ஒரே வாரத்தில் ஐந்து குற்றம் ஏற்றப்பட்டபோதுகூட அழாத கன்னியப்பன், அன்று பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் இருந்த ஒருவர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம் பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

இருந்தும் மறுநாள் காலை வந்தான். போணிக்கு வரவில்லை, வராதே என்று சொல்லிவிட்டார்கள். அனுசுயா அந்தப் பக்கமாக வருவாள். அவள் வரும்போது அவன் அங்கே இல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். பள்ளத்துக்கு இந்தப் புறம் வெறுங்கையோடு நின்றான்.

பத்மா அம்மாள் ஷட்டரைத் தூக்கினார். அவனைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். ராசியுள்ளவனை வேலைக்கு வைத்தால் ராசி கெடும். ராசி போனவனை வைத்தால் கெடுவதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கணக்கு அவர் முகத்தில் மெல்ல மெல்லப் போடப்படுவது தெரிந்தது.

"அப்படியே மரமாட்டம் நிக்காதே. பின்னால பலக கீது, எடுத்தாந்து பள்ளத்து மேல போடு. வர்றவங்க எப்படித் தாண்டுவாங்க?"

போட்டான்.

"மண்ண வாரு."

வாரினான்.

"உள்ள வந்து அந்த அண்டாவத் தொட. எல்லாம் புழுதி. ராசிதான் போச்சி, கையுமா போச்சி? சம்பளம்லாம் கம்மியாத்தான் தருவேன், சொல்லிட்டேன். கல்லாவத் தொடாதே."

கன்னியப்பன் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அனுசுயா வந்தாள். பலகையில் கால் வைக்கவில்லை. பள்ளத்துக்கு அப்பால் நின்று, அவன் துடைப்பதைப் பார்த்தாள். தூரத்தில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"மூடி எங்க கீதுன்னு கத்துகினியா?" என்று குரல் கொடுத்தாள்.

"மேல் தட்டு."

"இட்லித் தட்டு?"

"கீய. ரெண்டாவது அலமாரி."

"தம்ளரு?"

அவன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். அவள் தலையை அசைத்தாள். பஸ் மறுபடி ஹாரன் அடிக்க, சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"இன்னாடா வேடிக்க?" என்றார் பத்மா அம்மாள். "இன்னும் போணி ஆவல. கூப்பிடு யாரையாவது."

கன்னியப்பன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, பலகைக்கு அந்தப் பக்கம் போகிறவர்களைப் பார்த்துக் கூவ ஆரம்பித்தான்.